பச்சையை அமுக்கினால் அடங்கிவிடும்

பக்கவாதம் வந்து என் மனைவிக்கு இடது கையும் காலும் சரியாக வராமல் போன பிறகு, பெங்களூரில் இருக்கும் மகள் வந்து வீட்டுக்குக் காது வைத்துவிட்டுப் போனாள். கூடத்திலிருக்கும் சிறிய பெட்டியிடம் விளக்கைப் போடச் சொன்னால் போடும், மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் நிறுத்தும். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி நான் தள்ளிப்போட்ட வேலைகளை அது முதல் தடவையிலேயே செய்தது. அதனிடம் பேசும்போது அவள் குரலில் ஒரு மரியாதை இருந்தது. எனக்கு அது கிடைத்ததில்லை.

அவள் கழுத்தில் ஒரு பட்டனும் ஏறியது. விழுந்தால் அதை அழுத்த வேண்டும். என் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரம் துடிக்கும். நான் பச்சையைத் தொட்டால் 'வருகிறேன்' என்று பொருள். தொடாவிட்டால் அழைப்பு எதிர் வீட்டுக்கும் மகளுக்கும் போகும்.

கடிகாரத்துக்கு வேறு வேலையும் இருந்தது. எனக்குச் சர்க்கரை. நான் எவ்வளவு நடந்தேன், எங்கே இருக்கிறேன் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எழுந்திரு, தண்ணீர் குடி, மாத்திரை போடு என்று நாள் முழுக்கத் துடிக்கும். பீங்கான், ஓடு செய்யும் தொழில் படிப்பில் வாத்தியாராகப் பல வருடம் பிள்ளைகளை அதட்டி வேலை வாங்கியவன் நான். என்னை ஒரு கடிகாரம் அதட்டியதைத் தாங்க முடியவில்லை.

வழி கண்டுபிடித்தேன். எங்கள் தெருவை ஒட்டிய தொழிற்பேட்டையில் நண்பருக்குப் பொம்மைப் பட்டறை இருக்கிறது. அங்கே வேலை செய்யும் பெண் ஒருத்தி, ஈரப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி வெயிலுக்குக் கொண்டுபோவதும் திருப்பி எடுத்து வருவதுமாகப் பொழுதன்றைக்கும் நடப்பாள். கடிகாரத்தை அவள் கையில் கட்டிவிட்டேன்.

"துடிச்சா என்னா சார் பண்றது?"

"பச்சைய அமுக்கும்மா. அடங்கிடும்."

அதே பச்சைதான் மனைவியின் அழைப்புக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அப்படி ஒரு அழைப்பு வராது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மகள் போனில் பூரித்துப் போனாள். "அப்பா, உங்க ஹார்ட் சின்ன வயசு ஆளு மாதிரி அடிக்குதுப்பா."

"நடக்கறேன்ல" என்றேன். அந்த நேரங்களில் நண்பரின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து வேப்பூருக்குப் போய், நெடுஞ்சாலைக் கடையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவைத்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு நாள் திரும்பி வந்தபோது அந்தப் பெண் கடிகாரத்தைக் கழற்றித் தந்தாள். "இன்னிக்கு ரொம்பத்தான் துடிச்சுது சார். நீங்க சொன்னாப்பல பச்சைய அமுக்கனேன், அடங்கிடுச்சு."

திரையைப் பார்த்தேன். மனைவியின் பெயர் இருந்தது.

அவள் குளியலறையில் கிடந்தாள். வழுக்காத தரை போடலாம் என்று மகள் சொன்னபோது, ஓடு பற்றி எனக்கே பாடமா என்று கேட்டுப் பளபளப்பாக நான் தேர்ந்தெடுத்த தரை அது. இருந்த ஒரே நல்ல கையை ஊன்றி விழுந்து, அந்த மணிக்கட்டும் உடைந்திருந்தது. 'உங்கள் கணவர் வந்துகொண்டிருக்கிறார்' என்று பட்டன் சொன்னதாம். அதைக் கேட்டுக் கத்துவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். அவள் கழுத்தில் அப்போது தாலியும் பட்டனும் கிடந்தன. ஒன்று நான் கட்டியது, ஒன்று மகள் மாட்டியது. இரண்டையும் உதவாமல் செய்தவன் நான்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும் மகள் அழைத்தாள். "நல்ல வேளைப்பா, அடிச்ச ஒடனே எடுத்துட்டீங்க. ஆப்ல பாத்தேன்."

"ஆமாம்மா" என்றேன். பக்கத்தில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து நான்தான் ஊட்டிவிட்டேன். "கொஞ்சம் பெருசா உருட்டுங்க. பரோட்டா பிச்ச கையிதான?" என்பாள். சால்னா வாசனை அன்றைக்கே என்னைக் காட்டிக் கொடுத்திருந்தது. மகளிடம் மட்டும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் வாய் திறக்காத ஒவ்வொரு நாளும், நான் நல்லவனாக நடிக்க அவளே மேடை போட்டுத் தருவது போல இருந்தது.

மகள் என்னைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்ததும் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்பீக்கரில் போட்டு, மனைவி கேட்க, பரோட்டா உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

மகள் கேட்டாள்: "அம்மா எவ்ளோ நேரம் தரையில கெடந்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அதை நான் மனைவியிடம் கேட்கவே இல்லை. அவளைப் பார்த்தேன்.

"ஒங்கப்பா பரோட்டாவுக்கு ரெண்டாந்தரம் சால்னா கேட்டு வாங்கித் தின்னுட்டு வர நேரம்" என்றாள் அவள். "இந்தா பாரு, அத மாத்தி வையி. நான் அமுக்கினா மொதல்ல எதிர் வூட்டுக்குப் போவட்டும். அப்பறம் ஒனக்கு."

"அப்பாவுக்கு?"

"கடசியா வச்சுக்க. பாவம், பெத்த அப்பன்."

மகள் அப்படியே மாற்றிவிட்டாள். மனைவி குளியலறைக்குப் போகும்போதெல்லாம் நான் கதவருகே நின்றுகொள்கிறேன். உள்ளேயிருந்து அவள் கேட்பாள், "இருக்கிங்களா, போயிட்டிங்களா?" இருக்கிறேன் என்பேன். அவள் நம்புவதில்லை. கதவைத் தட்டிக் காட்டச் சொல்வாள். தட்டுகிறேன்.