செவலையான கறுப்புக் குட்டி

என் மாமனாருக்கு ஏழரைச் சனி பிடித்த வருஷத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. முழுக் கறுப்பு நாய் ஒன்றுக்குச் சனிக்கிழமைதோறும் தன் கையால் தயிர்ச்சோறு வைத்தால் சனியின் உக்கிரம் தணியும் என்று சோசியர் சொல்லியிருந்தார். தென்காசித் தெருக்களில் கறுப்பு நாய்க்கா பஞ்சம்? ஆனால் தெருநாய்க்குச் சோறு வைப்பது அவருடைய கௌரவத்துக்குக் குறைச்சலாம். வடகரைக்கு என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. அதில் கறுப்பாக இருந்த ஒன்றைச் சீரோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்றார். என்னைப் பார்த்ததைவிட அந்தக் குட்டியை அதிக நேரம் பார்த்தார்.

என் அப்பா ஒளிவுமறைவு தெரியாதவர். குட்டியைத் தூக்கி, காதுக்குப் பின்னால் முடியை விலக்கிக் காட்டினார். மேலே கறுப்பு, அடியில் செம்மண் நிறம்.

"இது கறுப்பா நிக்காது. தாய் செவலை, பாருங்க. அதுவும் பொறக்கும்போது கரியாத்தான் இருந்துச்சு. வளர வளர வெளுத்துட்டு" என்றார்.

"கறுப்பைத்தான் கண்ணால பாக்கேனே. பெறவு என்னத்துக்கு முடியை விலக்கிப் பாக்கணும்?" என்றார் மாமனார். அவருக்கு மேலே தெரிவது போதும். அடியில் என்ன இருந்தால் என்ன?

அதற்குக் காரணம் இருந்தது என்பது கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் எனக்குப் புரிந்தது. தினமும் காலையில் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மீசையில் தடவிக்கொண்டு, வாலிபனாக வெளியே வருவார். இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாது.

தையில் கல்யாணம். சித்திரையில் குட்டியின் காது சிவந்தது. வைகாசியில் விலாவும் முதுகும் சிவந்தன. ஆனியில் வாலின் நுனி தவிர நாய் முழுச் செவலை. அந்த மாதம் வாய்க்கால் வரப்புத் தகராறு ஒன்றில் மாமனார் தோற்றார். சோசியரைக் கேட்டார். சனிக்கு உரிய சோற்றைச் செவலை தின்றுவிட்டது என்று அந்த மகானும் சொன்னார். வரப்பைத் தள்ளிப் போட்டது இவர். பழி என் நாய் மேல்.

"குட்டிக்குக் கரியைப் பூசித் தந்து ஏமாத்திட்டான் உங்க அப்பன்" என்றார் என்னிடம். நாய்க்குக் கரி பூசலாம் என்ற யோசனை யாருக்கு வரும்? தான் கள்ளன் பிறரை நம்பான். மிச்சமிருக்கும் சாயத்தையும் கழுவிக் காட்டி எங்கள் குடும்பத்தின் மானத்தை வாங்குவதாகச் சபதம் போட்டார்.

குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்தது. வில்வண்டியில் மாமனார், என் புருஷன், நான், நாய் எல்லோரும் போனோம். அருவியில் நாயை விட்டால் குளிக்கிறவர்கள் உதைப்பார்கள் என்பதால், கீழே தண்ணீர் ஓடும் இடத்தில் இறங்கினோம். என் புருஷன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாமனார் நாய்க்கு எண்ணெய் தேய்த்து, படிக்கணக்கில் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படித் தேய்த்திருக்க மாட்டார்கள். நாய் உதறியது. சீயக்காய் அவர் கண்ணில் விழுந்தது. "ஐயோ" என்று அதே கையால் முகத்தை அழுத்தித் துடைத்தவர், கையைப் பார்த்தார். உள்ளங்கை கரேல் என்றிருந்தது.

"சாயம்! பாத்தியளா, சாயம்!" என்று கூவினார். அக்கம்பக்கத்தில் குளித்தவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அவர் மீசையின் ஒரு பாதி வெள்ளையாகத் தொங்கியது. நான் சிரித்துவிட்டேன். என் புருஷனும் மீசையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கயிற்றின் முடிச்சைச் சரிபார்க்கத் தொடங்கினார்.

அடுத்த வாரம் ஆடி பிறந்தது. புதுப்பெண்கள் எல்லோரும் தாய்வீடு போகிற மாதம். என்னையும் அனுப்பினார்கள், நாயோடு. கறுப்பாகவே நிற்கிற நாய் கிடைத்தால் வரலாம், இல்லாவிட்டால் அங்கேயே இருக்கலாம் என்று மாமனார் சொன்னார். என்னோடு கல்யாணமான பெண்கள் ஆவணியில் புருஷன் வீடு திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. "இன்னுமா கூப்பிட வரலை?" என்று கிணற்றடியில் தினமும் ஒருத்தி கேட்பாள். அவமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

இதற்கிடையில் மாமனார் தானே புளியங்குடிப் பக்கம் போய் ஒரு கறுப்புக் குட்டி வாங்கினாராம். ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்கினாராம். கெட்டிக்காரர். கார்த்திகைக்குள் அது சாம்பல் நிறமாகிவிட்டது. "இந்தக் குட்டியை எந்த மருமகளோட அனுப்பப் போறாவ?" என்று தென்காசியில் தெருவே கேட்டது.

அதன்பிறகு என் புருஷன் வந்தார். முற்றத்தில் நின்றுகொண்டு, "கெளம்பு" என்றார்.

"அன்னைக்கு மாமா மீசையைப் பாத்தியளா, பாக்கலையா?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"அப்பா கோவப்படுவாவ."

ஐந்து மாதம் நான் தலைகுனிந்து தண்ணீர் இறைத்தேன். இவருக்கு அப்பாவின் கோபம்தான் பெரிது.

"எங்க அப்பா கரி பூசலைன்னு மாமாவே இங்கன வந்து சொல்லட்டும். நாயும் என்கூட வரும். ரெண்டுக்கும் சரின்னா வருதேன்."

"அப்பாட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

"கேட்டுட்டே வாங்க" என்று கதவைச் சாத்தினேன். அப்பா உள்ளே பதறினார். இனி வரமாட்டார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

நாலாம் நாள் வில்வண்டி வந்தது. மாமனார் மட்டும் இறங்கினார். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அந்த வீட்டில் யாருக்கும் அது பழக்கமில்லை. என் அப்பாவுக்கு நேரே போய் நின்று, மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். மீசை வெள்ளை வெளேர் என்றிருந்தது.

அப்பா அதைப் பார்த்தார். பிறகு, பல மாதங்களுக்குப் பின், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

செவலையை முதலில் வண்டியில் ஏற்றினேன்.