மைக் மாமாவின் சாட்சிகள்

எங்கள் தெருமுனையில் இருந்த வழிபாட்டு மண்டபம் இப்போது உடற்பயிற்சிக் கூடம். முன்பு கண்ணை மூடிக்கொண்டு நின்ற அதே இடத்தில் அதே ஆட்கள் இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு எடை தூக்குகிறார்கள். குற்ற உணர்ச்சி அடியோடு போய்விடவில்லை. எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஏறும்போது மட்டும் எட்டிப் பார்க்கிறது. மண்டபத்தை யாரும் அடித்துப் பிடுங்கவில்லை. வருகிறவர்கள் குறைந்தார்கள், சடங்கு செய்துவைத்த பெரியவர் மகள் வீட்டோடு போய்விட்டார், கூரை ஒழுகியது, அவ்வளவுதான். சாமி பயம் போய்விட்டால் மனுஷன் எப்படி யோக்கியமாக இருப்பான் என்று தொலைக்காட்சியில் நாலு பேர் கோட்டு மாட்டிக்கொண்டு கத்துவார்கள். எங்கள் தெருவில் அந்தக் கவலை எழவே இல்லை. எங்களுக்கு என் அக்காவின் வீட்டுக்காரர் இருந்தார்.

தெருவே அவரை மைக் மாமா என்று கூப்பிடும். எனக்கு அவர் நிஜமாகவே மாமா. ஓய்வு பெறும்வரை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று சொல்வதுதான் வேலை. நல்ல கனத்த குரல். வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட நாலு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அந்த வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வண்டியின் முன்சக்கரம் உள்ளே வந்து நிற்பதைத் தன் கண்ணால் பார்க்காமல், வண்டி வந்துவிட்டது என்று சொல்ல மாட்டார். கூட்டம் கத்தும். மேலதிகாரி போனில், "இதோ வந்துருச்சுய்யா, சொல்லித் தொலை" என்பார். மாமா வாயைத் திறக்க மாட்டார். இதற்காக வாங்கிய திட்டுக்கு அளவில்லை. ஆனால் மாமா சொன்னால் வண்டி நிற்கும் என்பது ஊருக்கே தெரியும்.

அவர் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் எங்கள் கட்டடத்துத் தையல்காரர் இறந்துபோனார். மின்மயானத்தில் ஒரு கூடம் உண்டு. அங்கே உடலை வைத்துவிட்டு எல்லோரும் நின்றோம். அடுத்து என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மந்திரம் சொல்ல ஆளில்லை, சொன்னாலும் நம்ப ஆளில்லை. ஆளாளுக்குத் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரரின் மகன், "யாராவது ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றான். ஓரத்தில் ஒரு மைக் சும்மா நின்றது. மைக் சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க மாமாவால் முடியுமா? போய்ப் பிடித்துவிட்டார். பிடித்ததும் பழக்கதோஷத்தில் வாய் தானாகத் திறந்தது.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு..."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. தையல்காரரின் மனைவி அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். மாமா சமாளித்துக்கொண்டு, தையல்காரர் பள்ளிப் பிள்ளைகளின் உடுப்பில் கேட்காமலே கூடுதல் துணி விட்டு மடித்துத் தைப்பார், பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்றார். கூட்டத்திலிருந்து ஒரு அம்மா, "ஆமா, என் பொண்ணு ஒரே பாவாடையை மூணு வகுப்புக்குப் போட்டா" என்றாள். எல்லோருக்கும் ஏதோ நடந்து முடிந்த நிம்மதி வந்தது.

அதற்குப் பிறகு சாவு விழுந்த வீடெல்லாம் மாமாவைத் தேடி வந்தது. மாமா இங்கேயும் தன் பிடிவாதத்தைக் கொண்டுவந்தார். இறந்தவரைப் பற்றி ஒரு நல்லது சொல்ல வேண்டுமென்றால், அதை நேரில் பார்த்த ஆள் ஒருவராவது வேண்டும். அந்த ஆள் இறந்தவரின் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. "வீட்டு ஆளு சொன்னா செல்லாது. மேலதிகாரி போன்ல சொல்ற மாதிரிதான் அது" என்பார். சாட்சி கிடைக்காவிட்டால் பேரையும் வயதையும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். ஒரு வட்டிக்கடைக்காரருக்கு அப்படித்தான் நடந்தது. மாமா பேரைச் சொன்னார், வயதைச் சொன்னார், மைக்கை அணைத்தார். அந்த அமைதியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வந்திருந்தவர்கள் வெலவெலத்துப்போய் வீடு திரும்பினார்கள்.

மறுநாளே தெரு திருந்த ஆரம்பித்தது.

நான் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதால் அத்தனை கூத்தும் என் கண்முன்னால்தான் நடந்தது. லிப்ட் கதவை ஒருவருக்காக ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதில் யாருமே மேலே போய்ச் சேரவில்லை. இரண்டாம் மாடிப் பெரியவர் கையில் பையோடு தலைகாட்டினால் போதும், மூன்று பேர் பாய்ந்து பிடுங்குவார்கள். அவர் பாவம், உதவிக்குப் பயந்து பின்வாசல் வழியாக வர ஆரம்பித்தார். தெருநாய்க்கு ஆள் மாற்றி ஆள் தீனி போட்டதில் அது நடக்க முடியாமல் என் கடைவாசலிலேயே படுத்துவிட்டது. மூன்றாம் மாடியில் ஒரு அம்மா, யாருக்குத் தும்மல் வந்தாலும் சூப் வைத்து எடுத்துக்கொண்டு வருவாள். கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, "சூடா குடிங்க, சூடா குடிங்க" என்று படிக்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லுவாள். அவளுக்குச் சூப் அம்மா என்றே பேர் விழுந்துவிட்டது.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். மாமா பால்கனியில் வந்து நிற்கும் நேரம் அவருக்கு மனப்பாடம். அதற்கு முன்னால் எந்த நல்லதையும் வீணாக்க மாட்டார். சாட்சிக்கு ஒருவர் போதும் என்றால் இவர் ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டுதான் குழந்தையின் கண்ணீரைத் துடைப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சண்டை குறைந்தது, குப்பை குறைந்தது, வாடகைக்கு இருப்பவர்களைக்கூட மனிதராக மதித்தார்கள். நடிப்பு என்று தெரிந்தாலும் சூப் சூடாகத்தான் இருந்தது.

மாறாத ஒரே ஆள் என் அக்கா.

அக்காவுக்கு வாய் ஜாஸ்தி. மனதில் பட்டதை அதே நிமிடம், அதே சத்தத்தில் சொல்லிவிடுவாள். ஒருநாள் செயலாளர் அவள் பையைப் பிடித்து இழுத்தார்.

"குடுங்கக்கா, நான் தூக்கிட்டு வர்றேன்."

"போய்யா, போய் வேலையைப் பாரு. என் பையைத் தூக்க எனக்குக் கை இருக்கு. லிப்ட் விளக்கு எரியலைன்னு சொல்லி எத்தனை நாளாச்சு? நீ அதைப் போடறதைப் பாக்க ஆள் இருக்காதுன்னுதானே போடாம இருக்கே?"

செயலாளர் அவளைப் பார்க்கவில்லை. மேலே பார்த்து, "மாமா பால்கனியில இல்லையா?" என்றார்.

சூப் அம்மாவிடம் சூப்பில் உப்பில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள். நாய்க்குத் தீனி போட்டவர்களை, கொன்றுவிடாதீர்கள் என்று விரட்டினாள். தெருவில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. நான் உட்பட. என் மனைவி என்னை விட்டுப்போன வருடம் நான் கடையைத் திறக்காமல் படுத்துக் கிடந்தேன். தினமும் காலையில் வந்து, "நீ போட்டுக்கிட்டிருக்கற சட்டையைப் பார்த்தா நானே உன்னை விட்டுட்டுப் போயிருப்பேன்" என்று கத்தி, எழுப்பி, சாப்பிட வைத்து, கடைச்சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போவாள். ஒருநாள்கூட ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள்கூட வராமலும் இருந்ததில்லை.

ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நான் போய்ச் சேர்ந்தா என்னத்தப் பேசுவீங்க?"

"யாராவது ஏதாவது சொல்லுவாங்க."

"எவ சொல்லுவா? எல்லாரையும்தான் திட்டி வெச்சிருக்கேனே."

மாமா தட்டைப் பார்த்தபடி, "கொஞ்சம் அனுசரிச்சுப் போனாத்தான் என்ன?" என்றார்.

"சாவுக்காக இப்பவே வேஷம் கட்டணுமா? பாக்க ஆள் இல்லாதப்போ எப்படி இருக்கேனோ, அப்படித்தான் ஆள் இருக்கும்போதும் இருப்பேன். சரி, அதை விடுங்க. நீங்களாவது ஏதாவது சொல்லுவீங்களா மாட்டீங்களா?"

"நான் வீட்டு ஆளு. செல்லாது" என்றார் மாமா.

அக்கா சிரித்தாள். ஆனால் அன்று பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது.

அடுத்த மழைக்காலத்தில், லிப்ட் விளக்கு எரியவில்லை என்று செயலாளரைத் திட்டிக்கொண்டே படியேறியவள், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மாமா அழவில்லை. அன்று சாயங்காலமே சட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். நானும் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "அவ நல்லது எதுவும் செஞ்சு பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். சூப் அம்மா முந்தானையைப் பிசைந்தாள். "உப்பில்லைன்னு சொன்னாங்க... இல்லைதான், அது உண்மை" என்றாள். இரண்டாம் மாடிப் பெரியவர், "தைரியசாலி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். செயலாளர் தலையைச் சொறிந்தார்.

படிக்கட்டில் நான் அவரை மறித்தேன். "மாமா, நான் சொல்றேன். என்னைத் தூக்கி நிறுத்தினது அவதான். எனக்குத் தெரியும்."

"நீ தம்பி. செல்லாது."

"உங்க சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க! கட்டின பொண்டாட்டிக்கு இல்லாத சட்டம் யாருக்கு வேணும்? இன்னிக்கு ஒரு நாள் விட்டுட்டா என்ன?"

மாமா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். "விட்டுட்டா, தையல்காரருக்கு நான் சொன்னது என்ன ஆகும்டா? அவர் பொண்டாட்டி இன்னும் அதை வெச்சுக்கிட்டுத்தான் உயிரோட இருக்கா. எல்லாம் சும்மா சொன்னதுன்னு ஆயிடும்" என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அதே கூடம். தெரு முழுக்க வந்திருந்தது. திட்டு வாங்கியவர்கள் ஒருவர் பாக்கியில்லை. மாமா மைக்கின் முன்னால் போய் நின்றார். அக்காவின் பேரைச் சொன்னார். வயதைச் சொன்னார். பிறகு மைக்கை அணைக்கக் கை நீட்டினார். பொத்தான் விரலுக்கு அகப்படவில்லை. தடவிக்கொண்டே நின்றார். வட்டிக்கடைக்காரருக்குக் கேட்ட அதே மின்விசிறிச் சத்தம். என் அக்காவுக்கும் அதே மின்விசிறியா?

அப்போது செயலாளர் எழுந்தார்.

"நான் பார்த்தேன்" என்றார். தொண்டையைச் செருமினார். "அக்கா என்னை ஒரு தடவை பாராட்டினாங்க. நல்லா வேலை செய்யறேன்னு சொன்னாங்க."

இப்படி ஒரு புளுகை அந்தக் கூடம் கேட்டிருக்காது. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து சூப் அம்மா எழுந்தாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ அவங்கதான் எனக்குச் சூப் வெச்சுக் குடுத்தாங்க." அக்காவுக்குச் சூப் வைக்கவே தெரியாது. பெரியவர் எழுந்து, அவள்தான் தன் பையைத் தினமும் தூக்கி வந்தாள் என்றார். நாய்க்குத் தீனி போட்டவள் என்று ஒருத்தி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்று இன்னொருத்தர், அதைச் சொல்லும்போது அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தையல்காரரின் மனைவி கடைசியாக எழுந்தாள். ஒன்றும் தோன்றவில்லை போல. "நானும் பார்த்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மைக்கைச் சரி செய்தார்.

"எல்லாருக்கும் நன்றி. நீங்க சொன்னதுல ஒண்ணுகூட நடக்கல. செயலாளரை அவ பாராட்டினாளா? தூக்கத்துலகூடத் திட்டுவா." யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். "அவளைப் பத்தி நான் சொல்ல முடியாது. நான் வீட்டு ஆளு. ஆனா உங்களைப் பத்திச் சொல்லலாம், நான் உங்க வீட்டு ஆள் இல்ல. உங்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினவ அவ. அவளுக்காக எழுந்து நின்னு இத்தனை பேர் பொய் சொன்னீங்க. அதை நான் என் கண்ணால பார்த்தேன். அதுக்கு நான் சாட்சி."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எத்தனையோ கூட்டத்துக்கு அசராத அந்தக் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன். நானும் வாய்விட்டு அழுதேன். வெட்கமே இல்லை.

இதோடு தெரு உண்மையிலேயே திருந்திவிட்டது என்று நினைத்தால் உங்களுக்கும் ஒரு கண்ணாடி தேவை. துக்கம் கேட்பவர்கள் வருவது நின்ற பிறகு ஒருநாள் மாமா என் கடையில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் உள்ளே வந்தார். ஒரு கண்ணாடி ஃபிரேமை எடுத்தார், மாட்டினார், கழற்றினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மாமா, அன்னிக்குக் கூடத்துல முதல்ல எழுந்தது நான்தான். கவனிச்சிருப்பீங்க. பின்னாடி உதவும், ஞாபகம் வெச்சுக்கோங்க."

மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போய்யா, போய் வேலையைப் பாரு" என்றார்.

செயலாளர் திடுக்கிட்டு, மேலே பால்கனியைப் பார்ப்பதுபோல் என் கடைக் கூரையைப் பார்த்தார். பிறகு லிப்டுப் பக்கம் நடந்தார். உள்ளே விளக்கு இன்னும் எரியவில்லை. கதவு மூடாமல் பிடித்துக்கொண்டு, அந்த இருட்டைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் மேஜைமேல் கிடந்த துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். திட்டுவதற்கு யாரும் வரவில்லை.

"அது கண்ணாடி துடைக்கிற துணி, மாமா. கீழ வைங்க" என்றேன்.