கோட்டை வாசலில் ஒரு பெண் பார்த்தல்

அக்காவின் ஊரான இறக்கக்கண்டியில், குச்சவெளியிலிருந்து திருகோணமலை போகும் பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் ஏறியபோது காலை எட்டு மணி. நான் மட்டக்களப்பிலிருந்து முதல்நாள்தான் வந்திருந்தேன். அக்காவின் மகள் தர்சினியைப் பார்க்கச் சம்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். சந்திக்கும் இடம் கோணேசர் கோயில். அக்காவுக்கு அதுதான் கலக்கம். கோயிலுக்குப் போகக் கோட்டைக்குள்ளால் போகவேண்டும். கோட்டை இராணுவ முகாம். யுத்த காலத்தில் அந்த வாசலில் அடையாள அட்டையை நீட்டி நின்ற பிறகு அவ அந்தப் பக்கமே போனதில்லை.

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நானூறு ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தோம். கோட்டை வாசலில் தடை போட்டிருந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய் கொச்சைத் தமிழில் கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னான். யாரோ பெரிய அதிகாரி வருகிறாராம், மலைக் கோயிலிலிருந்து இறங்குபவர்களை மட்டும்தான் விடுவார்களாம் என்று ஆட்டோக்காரர் விசாரித்து வந்து சொன்னார்.

அக்கா தர்சினியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டா. மாப்பிள்ளை வீட்டார் முன்னமே மேலே போய்விட்டார்கள். நான் திரும்பத் திரும்ப அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. கோயிலுக்குள் போனை நிறுத்தியிருப்பார்கள் என்றேன். "இல்லை, மனம் மாறிப்போச்சு போல" என்றா அக்கா.

சும்மா நிற்க ஏலாமல் வாசல் கல்லைப் பார்த்தேன். அதில் இரண்டு மீன்களும் தேய்ந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களாலேயே போர்த்துக்கேயர் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், ஆங்கிலேயர், இப்போது இராணுவம். ஆள் மாறினாலும் வாசலில் காவல் மாறவில்லை. உள்ளே ஆலமரத்தடியில் மான்கள் மட்டும் யாரையும் கேளாமல் மேய்ந்தன.

அரை மணித்தியாலம் போயிருக்கும். திரும்பிப் போவோம் என்று அக்கா புறப்பட்டுவிட்டா. தர்சினி அசையவில்லை. அவளுடைய கண் ஏற்றப் பாதையிலேயே இருந்தது.

அந்தப் பாதையால் ஒரு அம்மா செருப்பைக் கையில் பிடித்தபடி வேகமாக இறங்கி வந்தா. பின்னால் அர்ச்சனைத் தட்டோடு ஒரு பெடியன். படத்தில் பார்த்த அதே முகம், மாப்பிள்ளைதான். அந்த அம்மா மூச்சு வாங்க அக்காவிடம் வந்தா.

"பாதையை மறிச்சிட்டாங்கள் எண்டு ஐயர்தான் சொன்னவர். நீங்கள் பயந்து திரும்பிப் போயிடுவியள் எண்டு ஓடி வந்தனான். எனக்கும் இந்த வாசல் எண்டால் பயம்தான்."

அக்கா அவவின் கையைப் பிடித்துக்கொண்டா. தர்சினியும் அந்தப் பெடியனும் சிப்பாயின் முன்னாலேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிப்பாய் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பிறகு தடையை எடுத்தார்கள். எல்லோரும் நடந்தே ஏறினோம். கோயிலில் வைத்துச் சம்மதம் சொல்லி, கல்யாணத்தையும் அங்கேயே வைப்பதென்று முடிவானது.

எங்கள் மட்டக்களப்புக் கோட்டையும் அந்நியர் கட்டியதுதான். அதற்குள் கச்சேரி, அதுதான் அரசாங்க அலுவலகம், இருந்த காலத்தில் காணிப் பத்திரத்துக்கும் கையெழுத்துக்கும் யோசிக்காமல் போய் வந்திருக்கிறேன். இங்கே சாமி கும்பிடப் போகவே நெஞ்சு இடிக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் தர்சினி தூங்கிப்போனாள். உப்புவெளி தாண்டியதும் அக்கா மெதுவாகக் கேட்டா:

"கல்யாணத்தண்டைக்குப் பாதையைத் திறந்து விடுவாங்களோ?"

முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். விடுவாங்கள் என்று சொன்னேன்.