மூடிய சூடு

பாறைக்குள் என்றோ ஓடிய எண்ணெய் தார்போல இறுகிக் கிடக்கும். அதைச் சூடாக்கி என்ன வருகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. இரண்டு வழிகள் உண்டு. திறந்த முறையில் சில நிமிடங்களில் வேலை முடியும். கிளம்புகிற ஆவியை, உள்ளே செலுத்தும் வாயு உடனே அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய முறையில் கல்லையும் தண்ணீரையும் எஃகுக் குடுவையில் இறுக்கி மூன்று நாள் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். எதுவும் வெளியே போகாது. ஒரே கல்தான், இரண்டிலும் வேறு வேறு பதில் சொல்லும்.

எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் பக்கத்தில் விவசாயம் பார்த்த சம்சாரி என் அப்பா. அவரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். எங்கள் சுடுகாட்டில் பிணத்தைச் சுற்றிச் சாண எருவாட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே மண்ணைக் குழைத்துப் பூசி விடிய விடிய எரியவிடுவோம். மூட்டம் என்று பெயர்.

"ரெண்டாவது நம்ம மூட்டம்தாம்ல. என்னையும் அப்பிடி மெதுவா எரிங்க. கோவில்பட்டி கேஸ் அடுப்புல தள்ளிராதீங்க" என்றார்.

அவர் இறந்த செய்தி வந்தபோது சென்னை ஆய்வகத்தில் குடுவை சூட்டில் இருந்தது. உள்ளே இருந்தது ஒரு பாறையில் மிச்சமிருந்த கடைசித் துண்டு. மூன்றாம் நாள் காலையில் நானே திறக்க வேண்டும் என்று அம்மாவிடமும் போனில் சொன்னேன். மூட்டம் போட்டால் மறுநாள் எலும்பு பொறுக்கிக் காடாத்து முடியும்வரை ஊரில் இருந்தாக வேண்டும். ராத்திரியே கிளம்பி ஊருக்குப் போனேன். அங்கே லேசான தூறல்தான். கரிசல் சகதியில் பாடை தூக்க முடியாது, எருவும் நனைந்துவிட்டது என்று பெரியப்பாவிடம் சொன்னேன். எரு எங்கள் தொழுவத்தில் காய்ந்துதான் கிடந்தது. படித்தவன் சொன்னால் நம்புகிறார்கள், பாவம்.

கோவில்பட்டி எரிவாயுத் தகன மேடையில் ஒன்றரை மணி நேரத்தில் சாம்பலைக் கையில் கொடுத்தார்கள். பானை இன்னும் சுட்டது. அன்றே ரயிலேறினேன்.

காலையில் குடுவையைத் திறந்தேன். மூடி சரியாக இறுகாமல் ஆவியெல்லாம் கசிந்து போயிருந்தது. மூடியை இறுக்கியவனும் நான்தான். உள்ளே வெறும் கரி. அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். கல்லுக்காக அழுகிறேன் என்று உடன் வேலை செய்பவர்கள் தேற்றினார்கள்.

பதினாறாம் நாளுக்குப் போனபோது அம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"யய்யா, எரு நனையலைனு எனக்குத் தெரியும். அந்தக் கல்லாவது நல்லபடியா வந்துச்சா?"

"வந்துச்சும்மா" என்றேன்.

"அப்பச் சரி" என்று இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.