ஜெனித்தின் ஆட்டம்

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், பூச்சிமருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே அந்தோணி பிரபுவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. யார் வீட்டுப் பெட்டி படுத்துக்கொண்டாலும் அவனிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வைரஸ் பூந்துடுச்சு என்பார்கள். அவனும் பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, உள்ளே இருக்கும் பல்லி முட்டையைத் துடைத்துக் கொடுத்து அனுப்புவான். நல்ல பிழைப்பு. ஆனால் 2009 வாக்கில் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது. வந்த பெட்டிகளெல்லாம் மேஜைக்கடியில் தூசி பிடித்துக் கிடக்க, இவன் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கேம் கருவியை வயர் போட்டு கம்ப்யூட்டரில் மாட்டிக்கொண்டு பொழுதன்னிக்கும் அதையே முறைத்துக்கொண்டிருந்தான். "கல்யாண வயசு தாண்டிப் போவுது, இவன் பொம்மைய வச்சிக்கினு கீறான்" என்று ஜெராக்ஸ் கடை விருத்தாசலம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். சிரிக்கிறவருக்கு என்ன தெரியும்?

தொண்ணூறுகளில் வந்த பழைய துப்பாக்கி கேம் அது. இருட்டுக் கோட்டைக்குள் நுழைந்து, எதிரே வரும் பேய்களையெல்லாம் சுட்டுத் தள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டும். கம்ப்யூட்டருக்காகச் செய்தது. அதைச் செய்த கம்பெனிக்காரர்களே பிற்பாடு, இந்தா எடுத்துக்கொள் என்று அதன் நிரலை உலகத்துக்கு வாரிக் கொடுத்துவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு, அந்த ஆட்டத்தை இந்தச் சின்னக் கருவியில் ஓட வைக்கப் பார்த்தான் அந்தோணி பிரபு. அவனுக்கு ஆட்டத்தின் மேல் ஒரு ஆசையும் இல்லை. அதற்குள் அவன் தம்பி இருந்தான்.

தம்பி ஆரோக்கிய ஜெனித். விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அப்பா பெரியநாயகம், பிள்ளைகள் முன்னுக்கு வரட்டும் என்று பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிப் போட்டார். ஜெனித் அதில் பேய் சுட்டே முன்னுக்கு வந்தான். அந்த கேமில் நாம் ஆடுவதைப் பதிந்து வைக்க வசதி உண்டு. தொண்ணூற்றொன்பதில் ஒருநாள் மாலை, ஒரு கோட்டையை முழுசாக ஆடிப் பதிந்து வைத்தான். மறு வருஷம் பைபாஸில் லாரி அடித்துப் போய்ச் சேர்ந்தான். அவனுக்குப் பின்னாலேயே அப்பாவும் போனார். அம்மா அமலோற்பவமேரியும் மூத்தவனும் மிஞ்சினார்கள்.

ஜெனித்தின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்த அன்று, அவன் ஆடிப் பதிந்ததைப் போட்டுக் காட்டு என்று அம்மா கேட்டாள். போட்டுவிட்டு அந்தோணி பிரபு வெளியே போய்விட்டான். அவனால் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே. அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்ப்பாள். திரையில் முகம் தெரியாது, துப்பாக்கி பிடித்த கை மட்டும்தான் தெரியும். "இது போட்டோ மாதிரி இல்லம்மா, அவன் அழுத்துன பட்டனு மட்டும்தான் இதுல கீது. ஒவ்வொரு தபாவும் அவன் அழுத்துன மாதிரியே அழுத்தி, கேமு திரும்ப ஆடுது" என்று ஒருமுறை விளக்கியிருந்தான். சும்மா சொன்னதுதான். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு சர்க்கரை அவள் சிறுநீரகத்தைத் தின்றது. வாரத்தில் பாதி நாள் விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள்ளேயே அவளுக்கு வாந்தி வந்துவிடும். வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவும் தெம்பில்லை. எதற்கு இந்தச் சித்திரவதை, விட்டுவிடலாம் என்று அவளே இரண்டொரு முறை சொன்னாள். அப்புறம்தான் ஒருநாள் மெஷின் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"இங்க படுத்துக்கினே அவனப் பாக்க முடியுமா பிரபு?"

கம்ப்யூட்டர் முன்னால் செல்போனை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்று, வீடியோ எடுத்துவந்து காட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது படம்டா. அவன் வெரலு அப்படியே கீதுன்னு நீதானே சொன்ன. எனக்கு அதான் வோணும். இன்னொரு தபா பாத்துட்டேன்னா போதும்."

அதுக்கப்புறம்தான் மேஜைக்கடியில் பெட்டிகள் தூசி பிடிக்க ஆரம்பித்தன.

அந்தக் கருவிக்கு அவ்வளவு பெரிய ஆட்டத்தைச் சுமக்கச் சக்தி இல்லை. திக்கித் திக்கி ஓடியது. அந்தோணி பிரபு ஒரு வேலை செய்தான். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் பேய்களையெல்லாம் தூங்க வைத்துவிட்டான். பக்கத்தில் போனால் எழுந்திருக்கும். ஆட்டம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. தானே ஆடிப் பார்த்தான், பிரமாதம். நெட்டில் போட்டான், முகம் தெரியாத யார் யாரோ பாராட்டினார்கள். பாவி மனுஷன், தம்பியின் பதிவை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. அதைப் பார்க்கிற தைரியம் இருந்தால்தானே.

நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தான்.

ஜெனித் கதவைத் திறந்தான். முதல் பேயைச் சுட்டான், விழுந்தது. இரண்டாவதைச் சுட்டான், விழவில்லை. அது விழுந்துவிட்டதாக எண்ணி அவன் பாட்டுக்கு நடந்தான். சுவரில் போய் முட்டினான். முட்டிக்கொண்டே நடந்தான். யாருமில்லாத மூலையைப் பார்த்துச் சுட்டான். பின்னாலிருந்து பேய் வந்து அடிக்க, திரை சிவந்து, அவன் கீழே விழுந்தான்.



"இன்னாடா பண்ண என் புள்ளய?" என்றாள் அம்மா. "அவன் சாவ மாட்டானே இதுல. ஜன்னல் கிட்ட போயி நிப்பானே."

"எந்த ஜன்னலும்மா?"

"கோட்டைக்குள்ள ஒரு ஜன்னலு வரும். அங்க ஆடாம அசையாம நிப்பான். அன்னிக்கி கருவாட்டுக் கொழம்பு வச்சிருந்தேன். கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தேன், வரல. தட்ட எடுத்தாந்து நானே ஊட்டிவுட்டேன். அந்த நேரம்தான்டா அது. உனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியாது. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து நிரலைக் குடைந்ததில் விஷயம் பிடிபட்டது. ரேஷன் கடை டோக்கன் மாதிரி, அந்த ஆட்டத்துக்குள் ஒரு எண் வரிசை உண்டு. அடி பலமா லேசா என்பதை அதுதான் முடிவு செய்யும். எங்கோ மூலையில் நிற்கும் பேயும் அசையும்போது அதிலிருந்து ஒரு எண்ணை உருவிக்கொள்ளும். தூங்குகிற பேய் உருவாது. அதன் எண் அடுத்த ஆளுக்குப் போகும். அப்புறம் எல்லாமே மாறிப்போகும். தம்பியின் விரல்கள் பழைய ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருந்தன. அண்ணன்தான் கோட்டையை மாற்றிவிட்டான்.

எல்லாப் பேய்களையும் எழுப்பிவிட்டான். ஆட்டம் மறுபடி திக்கியது. படத்தை மங்கலாக்கினான், சிறிதாக்கினான், அப்படியும் ஆமைதான். நெட்டில் பாராட்டியவர்களே, நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டாய் என்று திட்டினார்கள். திட்டட்டும் என்று விட்டுவிட்டான். இந்த முறை தம்பியின் பதிவை முதலிலிருந்து கடைசி வரை, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். ஜெனித் ஜன்னலருகே நின்றான். அந்தோணி பிரபு கடையின் ஷட்டரை இழுத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மறுநாள் டயாலிசிஸ். நர்ஸ் புனிதா ஊசி ஏற்றிவிட்டு, "கைய ஆட்டாதீங்கம்மா" என்று சொல்லிப் போனாள். அந்தோணி பிரபு கருவியை நீட்டிப் பிடித்தான். மெதுவாக, மங்கலாக, ஜெனித் கோட்டைக்குள் போனான். சுட்டதெல்லாம் விழுந்தது. ஜன்னல் வந்தது. நின்றான்.

பிள்ளைக்கு ஊட்டுகிற தாய்மார் தாங்களும் கூடவே வாயைத் திறப்பார்களே, அது மாதிரி அம்மாவின் வாய் மெல்லத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஊசி ஏறிய கை அசையவே இல்லை. ஜெனித் நடக்கத் தொடங்கியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மீதியும் பாரும்மா. ஜெயிச்சி வெளிய வருவான்."

"வாணாம்பா. சாப்ட்டான், அது போதும்."

 திரும்பும்போது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், பிள்ளையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிமே என்ன ஆஸ்பத்திரிக்கு இட்டாராத பிரபு."

"இன்னாம்மா பேசற நீ? நிறுத்திட்டா ஒரு வாரம் கூடத் தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரே."

"தெரியும்டா. எனக்கு எப்பவோ போதும்னு ஆயிடுச்சி. நீ அத முடிச்சிக் குடுப்பன்னுதான் இத்தினி நாளு ஊசி குத்திக்கினேன்."

கெஞ்சினான், கோபித்துக்கொண்டான், பங்குச்சாமியாரைக் கூட்டிவந்து சொல்ல வைத்தான். அவள் அசைந்து கொடுக்கவில்லை. சாமியார், சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற தைலத்தைப் பூசிவிட்டுப் போன மூன்றாம் நாள் விடியற்காலையில் அமலோற்பவமேரி அடங்கிவிட்டாள்.

அடக்கத்துக்கு வந்தவர்கள், தாயாருக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்துவிட்டாய் என்று அந்தோணி பிரபுவின் தோளைத் தட்டினார்கள்.  அந்த ஆட்டத்தை அவன் இன்னும் கொஞ்ச நாள் சரியாக்காமல் வைத்திருந்தால், இன்னும் கொஞ்ச நாள் அவள் காத்திருந்திருப்பாள்.