சூடு வராத வீடுகளுக்கு முதலிடம்

உங்கள் வீட்டுக்குச் சூடு எங்கேயிருந்து வருகிறதென்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? நானும் யோசித்ததில்லை. சின்னவளைக் கிரெஷ் என்கிற பிள்ளைக் காப்பகத்தில் விடத் தொடங்கிய வருடம், லாச்சப்பலில் ஷோஃபாஜ், அதாவது பிரெஞ்சுக்காரர் வீட்டைச் சூடாக்குகிற சாமான், திருத்துகிற கடையொன்றில் ரெலிபோன் எடுக்கிற வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய்த் திருத்துவது மோகன் அண்ணை. குளிருது குளிருது என்று அழுகிறவர்களைச் சமாளிப்பது நான். சுவரில் இருக்கும், தொட்டால் சுடும், அதுதான் ஷோஃபாஜ்; அன்றைக்கு என் அறிவு அவ்வளவுதான். வீட்டுக்குள்ளேயே ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு யாரோ ஒருவர் திருத்த வருவாரென்று காத்திருந்தவர்களுக்கு மிச்சம் விளங்கும்.

மாடிக்கட்டடத்துக்கு ஒரே அடுப்பு

ஒக்டோபர் தொடக்கம். பொபினிப் புறநகரிலிருந்து ஓர் அண்ணை போன் எடுத்தார். றேடியேற்றர் ஐஸ் மாதிரிக் கிடக்கு, வீட்டில் பத்து நாள் பிள்ளை என்றார். பதறிப்போய் மோகன் அண்ணையை உடனே அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். அங்கே நிலவறையில் இருக்கிற பெரிய கொதிகலன் ஒன்றுதான் எல்லா வீட்டுக்கும் சுடுதண்ணீர் அனுப்புகிறதாம். அதை எந்த நாளில் போடுவதென்று கட்டட நிர்வாகம்தான் முடிவெடுக்குமாம். எங்களுக்கு அங்கே திருத்த ஒன்றுமில்லை.

அதைச் சொல்ல நான்தான் திருப்பி எடுத்தேன். பின்னால் குழந்தை கத்த, அந்த அண்ணை என்னைக் கேட்டார்:

"ஊரிலை வெயில் ஒருத்தரையும் கேட்டு வரேல்லை. இஞ்சை சூட்டுக்கும் ஆரும் கையெழுத்து வைக்கோணுமோ, பிள்ளை?"

கரண்டில் சுடுகிற தகரப் பெட்டி

ரூ லூயி-பிளாங் பக்கம் ஒரே அறையில் மூன்று பெடியள், மூவருக்கும் ரெஸ்ரோறன்ற் வேலை. அவர்களுடைய ஷோஃபாஜுக்குத் தண்ணீரும் இல்லை, குழாயும் இல்லை. சுவரில் கரண்டில் சூடாகிற ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். கருகல் மணம் வருகிறதென்று எடுத்தார்கள். மழையில் நனைந்த ஜாக்கெற்றை அதன்மேல் விரித்துக் காயவைத்திருக்கிறார்கள்! மூடாதே என்று பெட்டியிலேயே பிரெஞ்சில் எழுதியிருக்கும். வந்து மூன்று மாதமான பிள்ளைகளுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

அக்காவாக நின்று நன்றாக ஏசினேன். வீடு எரியாமல் தப்பியதே பெரிய காரியம், ஒரு ஜாக்கெற்தானே என்று சிரித்தும்விட்டேன். ஜாக்கெற்றின் சொந்தக்காரன் போனை வாங்கினான்.

"ஜாக்கெற் போனாப் போகட்டும் அக்கா. பொக்கற்றுக்கை என்ரை விசா றெசிப்பிசே இருந்தது. இஞ்சை இருக்க எனக்குத் தந்த கடதாசி அது ஒண்டுதான்."

குசினிச் சுவரில் காஸ் பெட்டி

ஜனவரியில் குளிர் இறுகியதும் போன் ஓயவில்லை. நான் ஓர் ஒழுங்கு வைத்தேன்: சூடே வராத வீடுகளுக்கு முதலில் போவது, சூடு வருகிற வீடுகளுக்குப் பிறகு. மோகன் அண்ணையும் நல்ல யோசனை என்றார்.

ஒரு திங்கட்கிழமை கூசேன்வில்லிலிருந்து சுகந்தி என்று ஒருத்தி எடுத்தா. வன்னியிலிருந்து வந்து ஒரு வருடம். புருசனும் அவவும் மட்டும். காஸ் எரிந்து அந்த ஒரு வீட்டுக்குத் தண்ணீர் சூடாக்குகிற பெட்டி. "நெருப்பு மஞ்சளா எரியுது அக்கா. வீட்டுக்கை இருந்தா ரெண்டு பேருக்கும் தலையிடி, வெளியிலை போனாச் சுகம்." சூடு வருதோ தங்கச்சி என்று கேட்டேன். "ஓம், நல்லா வருது." தலையிடிக்கு ஒரு குளிசை போடச் சொல்லிவிட்டு, வியாழன் என்று கொப்பியில் எழுதினேன்.

வியாழன் மோகன் அண்ணை போனபோது கதவு பூட்டிக்கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாவாம். விமான நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்த புருசன் குசினிக்குப் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். புதன்கிழமை மத்தியானம் சுகந்தி பிரெஞ்சு வகுப்பால் வந்து எழுப்பியபோது அவர் எழும்பவில்லை.

காஸ் சரியாக எரியக் காற்று வேண்டும். காற்றுக் குறைந்தால் மணமில்லாத நஞ்சு வரும். அதற்காகத்தான் குசினிச் சுவரில் கையகலத்துக்கு ஒரு துளை விடுகிறார்கள். தீயணைப்புக்காரர் பார்த்தபோது அங்கே அந்தத் துளையில் கடதாசி மட்டை வைத்து ரேப் ஒட்டியிருந்ததாம். மிளகாய் வறுக்கிற மணம் வெளியில் போய் மேல் வீட்டார் சண்டைக்கு வரக்கூடாதென்று நம் ஆட்கள் செய்கிறதுதான். அன்று வேலையால் போன கையோடு என் வீட்டுக் குசினியில் ஒட்டியிருந்ததைப் பிய்த்து எறிந்தேன்.

மோகன் அண்ணை என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"மஞ்சள் நெருப்பெண்டால் உடனை காஸைப் பூட்டிப்போட்டு வெளியிலை போகச் சொல்லோணும், பிள்ளை. முதல் நாளே நான் உமக்கு இதைச் சொல்லித் தந்திருக்கோணும்."

செத்தவீடு

ஷோஃபாஜ் மூன்று வகை என்று நான் படித்து முடிக்க ஒரு குளிர்காலமும் ஒரு மனிசனும் செலவாகிப் போனார்கள்.

செத்தவீட்டுக்குப் போனேன். நான் கொப்பியில் எழுதிய வியாழனைச் சுகந்தியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். முன்னறையில் ஊரிலிருந்து அவவின் மாமியார் போனில் குழறி அழுதுகொண்டிருந்தா. போனைச் சுற்றி ஆட்கள். சுகந்தி என் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினா. சுவரில் ரேப் உரித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். அவ முந்திக்கொண்டா.

"அக்கா, அதை ஒட்டினது நான்தான். மாமியிட்டை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."