வசந்தாக்கா திறந்து பார்த்த கணினி

வசந்தாக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் லலிதா. ஆடிக் கிருத்திகைக்கு வந்த கூட்டம் வடிந்து, திருத்தணி சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை. "அக்கா போயிட்டாங்க. தூக்கத்துலயே," என்றார் போனில்.

பள்ளிப்பட்டில் அவர் வைத்திருந்த பழுதுபார்க்கும் கடைக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவரை என்னைவிட நன்றாக அறிவார்கள். நான் அறிந்தது அதற்கு முந்தைய வசந்தாக்காவை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், அரக்கோணம் சாலையில் இருந்த ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் இருவரும் வேலை பார்த்தோம். நான் தட்டச்சு சொல்லிக்கொடுத்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த அவர் வரைபட வகுப்பையும் இயந்திரங்களையும் பார்த்துக்கொண்டார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மக்கர் செய்யும் கணினியிடம் மட்டும் இரண்டிலும் பேசுவார்.

லலிதா அப்போது கனகம்மாசத்திரத்திலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே கணவரை இழந்தவர். வீட்டு வரைபடம் போடக் கற்றால் ஏதாவது இஞ்சினியரிடம் வேலை கிடைக்கும் என்று அவர் அண்ணன் சேர்த்துவிட்டிருந்தார். முப்பரிமாணப் படம் வரையத் தக்க கிராபிக்ஸ் கார்டு மையத்தில் ஒரே கணினியில்தான் இருந்தது. காலையில் அதில் மற்றவர்கள் கடிதம் தட்டச்சு செய்வார்கள். மதியம் லலிதா வீடு வரைவார். வரைந்த வீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது திரையில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் பாயும். படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே உறைந்து நிற்கும். செய்த வேலையெல்லாம் போய்விடும்.

காலை வகுப்புக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதால் பேச்சு கிளம்பியது. எதையோ தப்பாக அழுத்துகிறார் என்றார்கள். பிறகு, அந்தப் பெண்ணின் கை ராசி என்றார்கள். மையத்தின் உரிமையாளரும் அவரைத் தட்டச்சுக்கு மாறச் சொன்னார். மறுநாள் லலிதா பையோடு வசந்தாக்காவிடம் வந்து நின்றார்.

"நான் நின்னுடறேங்க்கா. நான் தொட்டா எதுவும் வெளங்கறதில்ல. எங்க மாமியாரும் அதான் சொல்றாங்க."

வசந்தாக்கா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவரை உட்காரவைத்து, ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அது நிக்கும்போது நீ இன்னா பண்ணிகினு இருந்தே? அத மட்டும் சொல்லு," என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றினார். வேறு மானிட்டரை மாட்டினார். நினைவகத்தை மாற்றினார். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமே என்று நான் அவசரப்பட்டபோது, "ரெண்ட ஒன்னா மாத்தினா எதால சரியாச்சுன்னு தெரியாது. திரும்ப வந்தா திரும்ப பயந்துகினு நிக்கணும்," என்றார். கார்டைக் கழற்றி, அதன் முனைகளை அழிரப்பரால் துடைத்து மாட்டியதும் ஒரு மதியம் முழுக்க ஓடியது. லலிதா சிரித்து அன்றுதான் பார்த்தேன். அன்று மழை பெய்து ஊரே குளிர்ந்திருந்ததை நாங்கள் யோசிக்கவில்லை. மறுநாள் வெயில் அடித்தது, கோடுகளும் வந்தன. லலிதா அழுதுகொண்டே பஸ் ஏறினார்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. வசந்தாக்கா கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, லலிதாவின் படத்தைத் திறந்து தானே வரைந்துகொண்டிருந்தார். நடுவில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கார்டின் மேலிருந்த சின்ன விசிறி தடுமாறி, மெதுவாகி, நின்றது. கொஞ்ச நேரத்தில் திரையில் அதே கோடுகள். லலிதாவோ அப்போது தன் வீட்டில் இருந்தார். வசந்தாக்கா வகுப்பிலிருந்த டேபிள் ஃபேனை இழுத்துவந்து, கார்டின்மேல் காற்று படும்படி வைத்து, மறுபடி தொடங்கினார். வகுப்பு முடியும்வரை அந்த வீடு திரையில் சுழன்றுகொண்டே இருந்தது. தட்டச்சுக்குக் கார்டு சூடாவதில்லை, முப்பரிமாணப் படத்துக்குச் சூடாகும். தேய்ந்த விசிறியால் அதைத் தணிக்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அன்று சாயங்காலமே என்னையும் அழைத்துக்கொண்டு கனகம்மாசத்திரம் போனார். லலிதாவின் மாமியாரும் இருக்கும்போதே நடந்ததைச் சொன்னார். "எதுர்ல யார் உக்காந்துகினு இருக்காங்கன்னு கார்டுக்குத் தெரியாது லலிதா. அதுக்கு சூடு மட்டும்தான் தெரியும்."

லலிதா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் மருமகளிடம் கேட்டார்: "ஆங், அப்ப நாளைக்கு எந்த பஸ்ஸுக்குப் போவணும்?"

சென்னையிலிருந்து புது விசிறி வரும்வரை டேபிள் ஃபேன் கணினிக்குத்தான். நாங்கள் வேர்த்து வழிந்தோம். யாரும் குறை சொல்லவில்லை. புது விசிறியை லலிதாவின் கையாலேயே பொருத்தச் செய்தார் வசந்தாக்கா. உரிமையாளர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

லலிதாவுக்கு இன்று சொந்தமாக வரைபட அலுவலகம் இருக்கிறது. வசந்தாக்கா பள்ளிப்பட்டில் கட்டிய வீடு லலிதா வரைந்ததுதான். எல்லா அறையிலும் வெளிச்சம் விழும். அந்த வீட்டில்தான் அக்கா கடைசியாகக் கண்மூடினார்.

நான் இப்போது ஒரு இ-சேவை மையத்தில் இருக்கிறேன். போன வாரம் ஒரு பெரியம்மாவின் கைரேகை பதியவில்லை. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அவர் கூசிப்போய்க் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். நான் எழுந்து மேசையைச் சுற்றிப் போய், அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். காலையில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாராம். கையைக் கழுவி, எண்ணெய் தொட்டுத் துடைத்ததும் ரேகை பதிந்தது.

வசந்தாக்கா யாரிடமும் நின்றுகொண்டு பழுதைக் கேட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்பார். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த உட்கார்தல்தான்.